வடகிழக்கில் ஒரு மலை

விடிய நாலரைக்குத் தொலைபேசி அதிரும்.
கமலநேசனுக்கு அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம்.
மார்க்கம் என்கிற கனடா ஊரிலிருந்து,
வசாவிளானில் விடுபட்ட நாலு பரப்புக்கு
வீட்டுப்படம் கீறச் சொல்லியிருக்கிறார்.

போன கிழமை வாஸ்து.
இந்தக் கிழமை எண்கோணம்.
பக்கத்து வீட்டு மிசிஸ் லின் சொன்னவவாம்.
"எட்டுத் திசைக்கும் மூண்டு மூண்டு கோடு, பிள்ளை.
ஃபெங் சூய். ஒருக்கால் பாரும்."

பார்த்தேன்.
முழுக்கோடு. நடுவில் முறிந்த கோடு.
அவ்வளவுதான்.
உலகத்தை இரண்டே கோட்டில் கீறிவிட்டுப்
பேனையை மூடிவைத்த மனிதர்கள் மேல்
எனக்குத் தொழில்முறைப் பொறாமை வந்தது.

முறிந்த கோட்டை எனக்கும் தெரியும்.
என் படங்களில் அதற்கு
இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது என்று பொருள்:
தலைக்கு மேலே போகும் வளை,
தரைக்குள் ஓடும் குழாய்.
அவர்களுக்கோ மூன்றும் முறிந்தால் நிலம்,
மூன்றும் முழுதென்றால் வானம்,
இரண்டு முழுதுக்கு நடுவே ஒரு முறிவு, நெருப்பு.
அடுப்புவாய் மாதிரியேதான் இருக்கிறது.
கீழிருந்து மேலாக வாசிக்கவேண்டுமாம்.
மேசன் சூசைப்பிள்ளையும் வீட்டை அப்படித்தான் வாசிப்பார்.

எண்கோணத்தின் உச்சியில் தெற்கு.
யமனுடைய திசையைத் தலையில் வைத்துக்கொண்டு தொடங்குகிறார்கள்.
தாளை இரண்டு முறை திருப்பினேன்.
மூன்றாம் முறை கதிரையைத் திருப்பிக்கொண்டேன்.

தென்கிழக்கு எங்களுக்கு அக்கினி, அவர்களுக்குக் காற்று.
பரவாயில்லை, ஊதுகுழல் வைத்ததாய் இருக்கட்டும்,
குசினி அங்கேயே நிற்கட்டும் என்று விட்டேன்.

வடகிழக்கில்தான் வந்தது பிரச்சினை.
ஈசானம் பள்ளமாய் இருக்கவேண்டும், கிணறு அங்கே, என்றது வாஸ்து.
அங்கே மலை, என்கிறது இது.
மேலே ஒரு முழுக்கோடு, கீழே இரண்டு முறிவு.
மலையாம்! யாழ்ப்பாணத்தில்!
பெயரில் மட்டும் மலை வைத்திருக்கிற
கீரிமலையைத் தவிர எங்களிடம் என்ன இருக்கிறது?

சனிக்கிழமை அளக்கப் போனோம்.
மிதிவெடி இல்லையென்ற கடிதம் என் பையில்.
நாயுண்ணிப் பற்றையை வெட்டிக்கொண்டு முன்னால் போன சூசைப்பிள்ளை
திடீரென்று நின்றார்.

வடகிழக்கு மூலையில் பன்னிரண்டடி.
படையினர் புல்டோசரால் தள்ளிக் குவித்த அணை.
ஏழெட்டு வீட்டு ஓடு, சுண்ணாம்புக் கல்,
தையல் மெசின் ஒன்றின் கால்,
நீலப்பூப் போட்ட தரைக்கல் துண்டுகள்.
முப்பது மாரி பெய்து இறுகி,
உச்சியில் எருக்கலை பூத்திருந்தது.

அலவாங்கால் குத்திப் பார்த்துச் சொன்னார்:
"கிணறு இதுக்குக் கீழதான், தங்கச்சி."

மலைக்கு அடியில் தண்ணீர்.
ஒரு குறியின்மேல் மற்றதை ஏற்றினால் ஆறு கோடு,
நாலு முறிவு, இரண்டு முழுது.
அதற்கும் ஒரு பெயர் உண்டு, இரவு தேடிப் பார்த்தேன்:
அறியாப் பருவம்.
மலையடியில் ஊற்றுக் கிளம்பிவிட்டது,
எந்தப் பக்கம் ஓடுவதென்று அதற்கு இன்னும் தெரியாது.

கமலநேசனிடம் சொன்னேன்.
மலையும் இருக்கிறது, கிணறும் இருக்கிறது,
மிசிஸ் லின்னும் சரி, எங்கட ஆக்களும் சரி.
பெக்கோ பிடித்தால் ஒரு நாள் வேலை.

அவர் கனநேரம் கதைக்கவில்லை.
பின்னால் யாரோ கோப்பை கழுவும் சத்தம்.
பிறகு,
"நீலப்பூக் கல்லோ?
அது எங்கட இல்லை, பிள்ளை.
செல்லத்துரை மாஸ்டர் வீட்டு விறாந்தை.
மழைக்கு அதில சறுக்கி விழுந்திருக்கிறன்."
இன்னும் கொஞ்சம் பொறுத்து,
"அவையட்டக் கேக்காமல் எப்பிடி அள்ளுறது?"

பெக்கோக்காரனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.
படத்தில் அந்த மூலை வெள்ளையாய்க் கிடக்கிறது.

ஊரெல்லாம் விசாரித்ததில் மூன்று நம்பர் கிடைத்தது.
பாரிஸ் நம்பர் பாதியில் முறிந்தது.
வவுனியாவும் அப்படியே.
மூன்றாவது, எந்த நாடென்று தெரியவில்லை,
முழுதாய் அடித்துக்கொண்டிருக்கிறது.